நிறுத்தி வைத்த கான்டெசா

ஓட்டினால்தான் கார் தேயும், நிறுத்தி வைத்தால் அப்படியே இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அவர்கள் பழைய கார் எதையும் வைத்துப் பார்த்ததில்லை. நாள் தவறாமல் பெங்களூர் போய்வரும் வாடகை வண்டி லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பிறகும் சாவியைத் திருப்பியதும் எடுத்துக்கொள்கிறது. வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திப் பத்திரமாக வைத்த கார் இரண்டு மழைக்காலத்தில் உட்கார்ந்துவிடுகிறது. ஓடும் வண்டியைத் தேய்ப்பது உராய்வு. அதற்கு எண்ணெய் இருக்கிறது, கிரீஸ் இருக்கிறது. நிற்கும் வண்டியை அரிப்பது வேதியியல். அது ராப்பகலாக, சத்தமில்லாமல் வேலை செய்கிறது.

பழைய வேகக் கார்களை வீட்டிலேயே வைத்துச் சரிசெய்து ஓட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களுக்கு இந்த வேதியியல்தான் முதல் பாடம். எடுத்துக்காட்டுக்கு கான்டெசாவை எடுத்துக்கொள்கிறேன். கான்டெசா வேகமான காரா என்று இன்றைய பிள்ளைகள் சிரிக்கலாம். அதன் காலத்தில் வைத்துத்தான் அதைப் பார்க்க வேண்டும். 1984-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டர் காரின் அச்சுகளையும் கருவிகளையும் வாங்கி வந்து மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் இதைச் செய்யத் தொடங்கியது. உடம்பு பெரியது, எஞ்சினோ அம்பாசிடரிலிருந்து எடுத்த 1489 சிசி, சுமார் 50 குதிரைத்திறன். ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் மூச்சு வாங்கியது. சில ஆண்டுகளில் ஜப்பானின் இசுசு வடிவமைத்த 1817 சிசி எஞ்சினும் ஐந்து கியரும் வந்தன. சுமார் 88 குதிரைத்திறன். அப்போதுதான் அது கான்டெசா கிளாசிக் ஆனது, அப்போதுதான் அதற்குப் பெயரும் வந்தது. 2002-ல் உற்பத்தி நின்றது.

அதே காலத்தில் சென்னையை அடுத்த பெருங்களத்தூர்–வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் இன்னொரு முயற்சி செய்தது. ரோவரின் அழகான உடலுக்குள் பழைய வான்கார்டு வம்சத்து எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று விற்றார்கள். கொஞ்ச வருடத்தில் காரும் போனது, கம்பெனியும் போனது. உள்ளே இருக்கும் எஞ்சின் உடம்புக்கு ஈடுகொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இப்போது அப்படிப்பட்ட ஒரு கான்டெசா கிளாசிக் ராமகுப்பத்தில் ஒரு வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலை அது. தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே டீக்கடையில் புழங்குகிற எல்லைப் பக்கம். பழைய காருக்கு இது நல்ல ஊர் என்பது என் கட்சி. உதிரிபாகத்துக்கு ஒரு பக்கம் பெங்களூரின் ஜே.சி. ரோடு, இன்னொரு பக்கம் சென்னையின் புதுப்பேட்டை. ரயில் ஏறக் குப்பம் இருக்கிறது. அதைவிட முக்கியமானவை இரண்டு: கடல் தொலைவில் இருக்கிறது, ஊர் கடல்மட்டத்திலிருந்து அறுநூறு எழுநூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதலாவது காரின் உடம்புக்கு நல்லது. இரண்டாவது கார்பரேட்டரில் ஒரு வேடிக்கையைச் செய்கிறது.

முதலில் உடம்பு. துரு பிடிக்க இரும்பு, ஆக்சிஜன், தண்ணீர் மூன்றும் வேண்டும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி ஏறும்போதே இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படர்ந்துவிடுகிறது. மழை பெய்ய வேண்டிய அவசியமில்லை. அந்தப் படலத்தில் கடலுப்பு கரைந்திருந்தால் மின்சாரம் எளிதாகப் பாயும், துருவின் வேகம் பல மடங்காகும். திருவான்மியூரில் கடற்கரைக்குப் பக்கத்தில் பத்து வருடம் நின்ற காரும் சித்தூர் மாவட்டத்துப் பலமநேரில் பத்து வருடம் நின்ற காரும் ஒரே வருடத்து வண்டியானாலும் ஒன்றல்ல. பழைய கார் வாங்குகிறவர் கிலோமீட்டர் முள்ளைப் பார்ப்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தில் வண்டி எந்த ஊரில் வாழ்ந்தது என்று பார்ப்பது நல்லது. முள்ளைத் திருப்பி வைக்க ஆள் உண்டு, உப்புக்காற்றைத் திருப்பி வைக்க ஆள் இல்லை.

துருவுக்கு ஒரு கள்ளத்தனம் உண்டு. ஒரே தகட்டில் ஓரிடத்தில் ஆக்சிஜன் தாராளமாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் கிடைத்தால், குறைவாகக் கிடைக்கும் இடம்தான் அரிக்கப்படும். அது மின்கலத்தின் எதிர்முனை போல எலக்ட்ரான்களை விட்டுக்கொடுத்துக் கரைகிறது. அதனால் காரின் பளபளக்கும் பானட் தப்பிக்கிறது. கால்மிதிக்குக் கீழே, கதவின் அடிவிளிம்பில், பின் கண்ணாடி ரப்பருக்கு உள்ளே, ஸ்பேர் டயர் கிடக்கும் குழியில் ஓட்டை விழுகிறது. இன்னொன்று, துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். இரண்டு தகடுகள் சேரும் இடுக்கில் அது உண்டானால் தகட்டையே பிதுக்கித் தள்ளும். பெயின்ட்டில் கொப்புளம் தெரிகிறது என்றால் அது வெளியே தொடங்கியதில்லை. உள்ளே வேலை முடிந்து வெளியே எட்டிப் பார்க்கிறது.

டிங்கரிங் பட்டறையில் இதன்மேல் புட்டி இழைத்துப் பெயின்ட் அடித்தால் ஆறு மாதத்துக்கு அருமையாக இருக்கும். வாங்கப் போகிறவர்கள் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போகலாம். புட்டி தடிப்பாக இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டாமல் வழுக்கும். விற்பவர் முகம் கொஞ்சம் மாறும், பரவாயில்லை.

கழற்ற முடிகிற சின்னச் சின்னப் பாகங்களின் துருவை எடுக்க வீட்டில் செய்யக்கூடிய அழகான வழி மின்பகுப்பு. ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் லிட்டருக்கு ஒரு கரண்டி சலவைச் சோடா கலந்த தண்ணீர், பழைய மாடல் பேட்டரி சார்ஜர் ஒன்று. காயலான் கடையில் வாங்கிய இரும்புக் கம்பியை சார்ஜரின் நேர்முனையில் மாட்ட வேண்டும். துருப்பிடித்த பாகத்தை எதிர்முனையில். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இணைப்பைக் கொடுத்த சில நொடிகளில் பாகத்தின் மேலிருந்து பொடிப்பொடிக் குமிழ்கள் கிளம்பும். அது ஹைட்ரஜன். சிவப்புத் துரு எலக்ட்ரான்களைப் பெற்றுக் கறுப்பாக மாறி, பிடி தளர்ந்து, மறுநாள் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாலே சேறாக வந்துவிடும். அமிலத்தில் போட்டால் நல்ல இரும்பும் சேர்ந்து கரையும். இதில் அது தொடப்படுவதில்லை, துருப்பிடித்தது மட்டும்தான் போகிறது. கம்பி மட்டும் நாளடைவில் மெலிந்துகொண்டே போகும், காயலான் கடை பக்கத்தில் இருப்பது நல்லது.

சில எச்சரிக்கைகள் கட்டாயம். வேலை திறந்த வெளியில் நடக்க வேண்டும், பக்கத்தில் பீடிகூடக் கூடாது; ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளும். எவர்சில்வர் கரண்டி சும்மாதானே கிடக்கிறது என்று அதை நேர்முனையில் மாட்டினால் அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்தில் தண்ணீரில் இறங்கும். சோடாவுக்குப் பதில் உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரும். ஸ்பிரிங்கையும் அதிக வலுவுள்ள போல்ட்டுகளையும் இந்தத் தொட்டியில் இடவே கூடாது, ஹைட்ரஜன் எஃகுக்குள் நுழைந்து அதை நொறுங்கவைக்கும். திருகாணி, வாஷர் மாதிரிப் பொடிச் சாமான்களுக்கு இத்தனை ஏற்பாடும் தேவையில்லை. புளிக்கரைசலில் இரண்டு நாள் ஊறினால் போதும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் இரும்பு ஆக்சைடைப் பிடித்து மெல்லக் கரைக்கும். சித்தூர்ச் சீமையில் புளிக்குப் பஞ்சமா?

எப்படி எடுத்தாலும் சரி, புதிதாகச் சுத்தமான இரும்பு கழுவிய சில நிமிடங்களிலேயே ஆரஞ்சு நிறம் காட்டத் தொடங்கும். துடைத்து, வெயிலில் காயவைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும்.

உடம்பை விட்டு எரிபொருளுக்கு வருவோம். இங்கேதான் இன்றைய சண்டை எல்லாம். கான்டெசா பிறந்தபோது இந்தியப் பெட்ரோலில் ஈயம் இருந்தது. ஆக்டேன் எண் 87 அல்லது 93. ஈயப் பெட்ரோல் 2000-ல் நாடு முழுவதும் நின்றது. 2023-ல் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 வரத் தொடங்கி, இன்று பங்க்குகளில் அதுவே சாதாரணப் பெட்ரோல் ஆகிவிட்டது. ஈயம் போனதில் அடிபட்டது இரும்புத் தலை கொண்ட எஞ்சின்கள், அதாவது அம்பாசிடர் எஞ்சின் வகையறா. எரிந்த ஈயம் வால்வு உட்காரும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து காத்தது. அது இல்லாமல் நீண்ட தூரம் வேகமாக ஓட்டினால் வால்வு இருக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து உள்ளே இறங்கும். தலையைக் கழற்றி லேத்தில் கொடுத்துக் கடினமான வளையம் இறக்கிவிட்டால் தீர்ந்தது.

எத்தனால் அப்படி ஒரே நாளில் தீர்கிற விஷயம் இல்லை. அது மூன்று விதமாக வேலை காட்டும். ஒன்று, அது நல்ல கரைப்பான். டேங்கின் அடியில் இருபது வருடமாகப் படிந்த பிசினையும் துருத்தூளையும் கிளப்பி ஃபில்டருக்கு அனுப்பும். அதனால் இ20 போட்ட புதிதில் வண்டி திக்கினால் கார்பரேட்டரைத் திட்டுவதற்கு முன் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். இரண்டு, பழைய ரப்பரை ஊதவைக்கும், மிருதுவாக்கும், காய்ந்த பிறகு வெடிக்கவைக்கும். பெட்ரோல் பம்ப்பின் டயாபிரம், ஹோஸ்கள், கார்பரேட்டரின் ஓரிங் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். ஃப்ளூரோ ரப்பரில் செய்த ஹோஸ் மீட்டருக்கு நாலைந்து மடங்கு விலை இருந்தாலும் யோசிக்காமல் வாங்குவேன். சூடான எஞ்சினுக்கு மேலே பெட்ரோல் கசிவது கஞ்சத்தனம் காட்டும் இடமல்ல. மூன்று, காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். அங்கே தகரம் அரிக்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவதும் அதைத்தான். பாதி டேங்க்கோடு மழைக்காலம் முழுவதும் நிறுத்திவைப்பதுதான் இதற்குச் சரியான அழைப்பிதழ். டேங்க் நிரம்பியிருந்தால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் குறைவு.

இனி உயரம் கார்பரேட்டரில் செய்யும் அந்த வேடிக்கை. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. இ20-க்குக் கணக்குப் போட்டால் சுமார் 13.5. புதிய கார்களில் கம்ப்யூட்டர் சென்சாரைப் பார்த்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். கான்டெசாவின் கார்பரேட்டருக்குக் கண்ணும் கிடையாது, மூக்கும் கிடையாது. குறுகலான தொண்டை வழியே காற்று வேகமாகப் போகும்போது அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு, பித்தளை ஜெட்டின் துளை வழியே பெட்ரோலை இழுக்கிறது. துளை அளவு மாறாதவரை பெட்ரோலின் அளவும் ஏறத்தாழ மாறாது. ஆக, பழைய ஜெட்டோடு இ20 ஊற்றினால் கலவை சுமார் 8 சதவீதம் மெலிந்துபோகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் தயங்கும், காலையில் எடுக்க அடம்பிடிக்கும், பிளக் சாம்பல் வெள்ளையாகத் தெரியும்.

ராமகுப்பத்தின் உயரம் இங்கே கைகொடுக்கிறது. 650 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறத்தாழ 6 சதவீதம் குறைவு. கார்பரேட்டர் காற்றின் எடையை அளப்பதில்லை. அதனால் மெல்லிய காற்றிலும் பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாகவே இழுக்கிறது. அடர்த்தி மாற்றத்தின் வர்க்கமூலப்படி, கலவை சுமார் 3 சதவீதம் கெட்டியாகிறது. எத்தனால் 8 பங்கு மெலிக்கிறது, மேட்டுநிலம் 3 பங்கைத் திருப்பித் தருகிறது. சென்னையில் இ20 ஊற்றித் திக்குகிற அதே கான்டெசா ராமகுப்பத்தில் கொஞ்சம் சமாதானமாக ஓடும். மீதி 5 சதவீதத்தை ஜெட்டில் சரிசெய்யலாம். ஜெட்டின் தலையில் பொறித்த எண் 110 என்றால் துளை 1.10 மில்லிமீட்டர். ஓட்டம் துளையின் பரப்பைப் பொறுத்தது, பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக விட்டத்தில் இரண்டரை சதவீதம் கூட்டினால் போதும். 110 இருந்த இடத்தில் 112 அல்லது 113. சென்னை மெக்கானிக்கின் சொல்லைக் கேட்டு 115 போட்டால் இங்கே புகைக்கும்.

இத்தனை நுணுக்கமான துளைக்குள் பலர் ஸ்டீல் கம்பியை விட்டுக் குடைகிறார்கள். பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐடில் ஜெட் அரை மில்லிமீட்டர்தான். பித்தளை மிருதுவானது, கம்பி அதை வெறும் 0.05 மில்லிமீட்டர் அகலப்படுத்தினால் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். அப்புறம் எந்த ஸ்க்ரூவைத் திருப்பினாலும் ஐடில் செட் ஆகாது. கார்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். துளை முழு வட்டமாகத் தெரிந்தால் சுத்தம். வட்டத்தின் ஓரத்தில் தேன் நிறத்தில் பிறை மாதிரி ஒன்று தெரிந்தால் அது காய்ந்த பெட்ரோலின் பிசின். வண்டி நின்ற மாதங்களில் எளிதாக ஆவியாகும் பகுதியெல்லாம் பறந்துபோய், மிச்சம் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகியது அது. மறுபடியும் ஊறப்போட வேண்டியதுதான்.

எத்தனாலைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். அதன் ஆக்டேன் எண் உயர்ந்தது, இ20-இல் 95 வரை கிடைக்கிறது. 87-க்கும் 93-க்கும் பழகிய எஞ்சினுக்கு நாக்கிங் என்ற பேச்சே இருக்காது. டிஸ்ட்ரிபியூட்டரை ஒன்றிரண்டு டிகிரி முன்னே தள்ளி வைத்தால் இழந்த இழுவையில் கொஞ்சம் திரும்பும். மைலேஜ் மட்டும் திரும்பாது. லிட்டருக்கு எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

பேட்டரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திருப்பதிக்குப் பக்கத்துக் கரக்கம்பாடியில் 1985-ல் தொடங்கிய அமர ராஜா பேட்டரிக் கம்பெனியின் ஊர்க்காரர்களுக்கு நான் ஈய–அமில பேட்டரி பாடம் எடுப்பதும் சரியில்லை. முழுதாக ஏறியது 12.6 வோல்ட் காட்டும். 12.4-க்குக் கீழே கிடக்கவிட்டால் தகடுகளில் ஈய சல்பேட் படிகமாக இறுகி, பிறகு சார்ஜுக்கு மசியாது. நிறுத்துகிற அன்றே எதிர்முனையைக் கழற்றிவிட்டு, மாதம் ஒருமுறை ஏற்றினால் போதும்.

பிரேக்கில் அப்படி விட முடியாது. பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது எண்ணெயே இல்லை. கிளைக்கால் வகைத் திரவம், எத்தனாலைப் போலவே ஈரத்தை உறிஞ்சுவது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். பலமநேரிலிருந்து மொகிலி காட் வழியாகச் சித்தூருக்கு இறங்கும்போது வண்டி சுமார் 350 மீட்டர் கீழே வருகிறது. ஆட்களோடு 1,400 கிலோ எடை என்று வைத்தால், அந்த இறக்கத்தில் விடுபடும் ஆற்றல் 16 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். கியரைக் குறைத்து எஞ்சினிடம் ஒரு பங்கைக் கொடுக்காமல் முழுவதையும் பிரேக்கிடம் விட்டால், ஈரமேறிய திரவம் குழாய்க்குள் ஆவியாகும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரவத்தை முழுதாக மாற்றுவது சில நூறு ரூபாய் விஷயம். நிற்கிற வண்டிக்கும் இந்தக் கணக்குத்தான். ஈரம் கிலோமீட்டரைப் பார்த்து ஏறுவதில்லை.

வண்டியை நிறுத்திப்போட்டவர்கள் செய்கிற பரிகாரம் ஒன்று உண்டு: ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, அணைத்துவிடுவது. நல்லெண்ணத்தில் செய்யும் இது பல நேரம் தீமைதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. எஞ்சின் சூடாக இருந்தால் அது ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் எஞ்சின் சூடாகாது. தண்ணீர் சைலன்சருக்குள் குளிர்ந்து தேங்கி அதை உள்ளேயிருந்து துருவேற்றும். கொஞ்சம் ஆவி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சின் ஆயிலில் கலந்து, எரிந்ததில் வந்த அமிலங்களோடு சேர்ந்து பேரிங்கை அரிக்கும். ஆயில் மூடியைத் திறந்தால் உட்பக்கம் பால்கோவா நிறத்தில் ஒட்டியிருப்பது இதுதான். ஸ்டார்ட் செய்ய இழந்த சார்ஜைக்கூட பேட்டரி அந்த ஐந்து நிமிட ஐடிலில் திரும்பப் பெறாது.

எடுப்பதென்றால் ஓட்டத்தான் வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குப்பத்துக்கோ வி.கோட்டாவுக்கோ போய்வந்தால் சரியாக இருக்கும். தண்ணீர் முள் நடுவில் நிலைத்த பிறகும் கால் மணி நேரமாவது ஓட வேண்டும், ஆயில் சூடாக அதைவிட அதிக நேரம் பிடிக்கும். வழியில் ஐந்து கியரையும் போட்டு, காலியான நேர்ச்சாலையில் ஒரு தடவை நன்றாக மிதித்துவிடலாம். கார்பரேட்டரின் இரண்டாவது தொண்டை அப்போதுதான் திறக்கும். ஊருக்குள் உருட்டிக்கொண்டே இருந்தால் அதன் ஜெட்டுக்கு வேலையே வராது, அங்கும் பிசின் பிடிக்கும். திரும்பி வந்து நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் பக்கமும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும், தொட வேண்டாம். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் அனல் அடித்தால், அங்கே பிரேக் பிஸ்டன் துருவில் சிக்கி விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேலை கிடைத்துவிட்டது.